வன்னியில் நிலத்தோற்றச் சூழலியல்: முதுநிலை ஆய்வுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

நிலத்தோற்றச் சூழலியலில் முதுநிலை ஆய்வுக்கு வருகிறவர்கள் பலர் முதல் மாதமே செய்மதிப் படத்தைத் தரவிறக்கி வகைப்படுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். வேலை நடக்கிற மாதிரி இருக்கும், மேற்பார்வையாளருக்குக் காட்ட வண்ணப் படமும் இருக்கும். அந்தப் படத்திடம் கேட்கக் கையில் கேள்வி எதுவும் இல்லை என்பது ஆறு மாதம் போன பிறகுதான் தெரியவரும். முதலில் கேள்வி, அடுத்து அளவுநிலை (எவ்வளவு பரப்பை எவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பது என்பது), அதற்குப் பிறகே படம் என்ற ஒழுங்கில் போனால் இந்த ஆறு மாதம் மிஞ்சும்.

"1990க்கும் 2020க்கும் இடையில் முல்லைத்தீவில் காடு எவ்வளவு குறைந்தது?" என்று மட்டும் கேட்டால் அது நிலப்பயன்பாட்டு ஆய்வோடு நின்றுவிடும். ஜெர்மானியப் புவியியலாளர் கார்ல் ட்ரோல் விமான ஒளிப்படங்களைப் பார்த்து 1939இல் இத்துறைக்குப் பெயர் வைத்த நாளிலிருந்து இங்கே கேட்கப்படுவது வேறு. காடும் வயலும் குளமும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் விதம், அங்கே வாழ்பவற்றையும் நகர்பவற்றையும் ஓடும் நீரையும் எப்படி மாற்றுகிறது? ஆகவே உங்கள் கேள்வியில் இரண்டு பக்கமும் இருக்கவேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: "சிறு குளங்களின் அலைகரையில் (நீர் ஏறி இறங்கும் குள விளிம்பில்) காணப்படும் பறவை இனங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது சுற்றியுள்ள காட்டின் பரப்பா, அந்தக் காடு துண்டுபடாமல் இருப்பதா?" இதற்கு விடை எப்படி வந்தாலும் எழுதலாம். முன்மொழிவு எழுதும்போது இதையே சோதனையாக வையுங்கள். முடிவு எதிர்மாறாக வந்தால் ஆய்வேடு செத்துப்போகுமானால் கேள்வியில் பிழை இருக்கிறது.

பதிவு செய்யும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. பேராதனையில் விஞ்ஞானத்துக்கும் விவசாயத்துக்கும் தனித்தனிப் பட்டப்பின் நிறுவகங்கள் உள்ளன. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் மட்டம் 10 என்றால் பாடநெறியும் ஆய்வும் சேர்ந்த முதுமாணி, மட்டம் 11 என்றால் முழுக்க ஆய்வாக அமைந்த எம்.பில். வன்னியில் ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் களத்தில் பார்க்காமல் நிலத்தோற்றத்தைப் பற்றி எழுதுவது கடினம். எந்தப் பதிவாக இருந்தாலும் பன்னிரண்டு மாதக் களப் பருவம் அதற்குள் அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு மேற்பார்வையாளர் கிடைத்தால் ஒருவர் உயிரினங்களை அறிந்தவராகவும் மற்றவர் தொலையுணர்வு (செய்மதிப் படங்களைக் கொண்டு நிலத்தைப் படிக்கும் முறை) அறிந்தவராகவும் இருக்கட்டும். இருவரும் தொலையுணர்வுக்காரராக இருந்தால் ஆய்வும் அந்தப் பக்கமே சாயும்.

ஆய்வுப் பரப்பை வெட்டுவது

பிரதேச செயலகப் பிரிவை ஆய்வுப் பரப்பாக எடுப்பது வசதி. வரைபடம் கிடைக்கும், புள்ளிவிபரம் கிடைக்கும். ஆனால் நீரும் யானையும் பிரதேச செயலக எல்லையில் நிற்பதில்லை. வன்னிக்குப் பொருத்தமான அலகு குளத்தொடர். சிற்றாற்றின் நீரேந்து பரப்புக்குள் மேல்குளத்தின் வான் (மிகுநீர் வழியும் வழி) நீரும் வயற்கழிவு நீரும் கீழ்குளத்துக்கு வந்து சேரும்படி தொடுக்கப்பட்ட அமைப்பு அது. புவியியலாளர் மத்தும பண்டார 1985இல் இதற்குத் தந்த வரையறையைத்தான் இன்னும் எல்லோரும் எடுத்தாளுகிறார்கள். மேலே மோட்டை (சிறு நீர்நிலை), கீழே குளம், குளக்கட்டு, துருசு (நீர் திறக்கும் மதகு), வயற்புலவு, அதன் கழிவு வாய்க்கால், மீண்டும் ஒரு குளம் என்று போகும் சங்கிலியில் காட்டுத் திட்டுகள் எங்கே நிற்கின்றன என்பதே ஒரு முழு ஆய்வுக்குப் போதும்.

குளத்தொடரின் எல்லையை வரைய எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை எடுத்து மென்பொருளில் நீரேந்துப் பரப்பைப் பிரிப்பார்கள். வன்னியில் அது இரண்டு விதத்தில் ஏமாற்றும். 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ராடாரால் அளக்கப்பட்ட அந்த உயரம், காடு உள்ள இடத்தில் பெரும்பாலும் மரத்தலைப்பை ஒட்டியது. 12 மீற்றர் உயரப் பாலையும் வீரையும் நிற்கும் காடு, தட்டையான நிலத்தில் மேடாகத் தெரியும். நீர்ப்பிரிப்பு எல்லை காட்டோரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் இதுதான் காரணம். அடுத்து, பள்ளங்களை நிரப்பும் கட்டளை குளங்களையும் பிழை என்று நினைத்து நிரப்பிவிடும். 3 மீற்றர் குளக்கட்டு 30 மீற்றர் பிக்சலில் தெரிவதே இல்லை. ஆகவே குளக்கட்டுகளையும் வான்களையும் கூகுள் எர்த் படத்திலிருந்து கையால் வரைந்து உயரத் தரவில் ஏற்றுங்கள், அதன் பிறகு நீரோட்டத்தைக் கணியுங்கள். கடைசியில் கமக்காரர் அமைப்பின் தலைவரிடம் படத்தைக் காட்டி, "இந்தக் குளம் வான் பாய்ஞ்சால் தண்ணி எங்கை போகும் ஐயா?" என்று கேளுங்கள். அவர் விரலால் காட்டும் கோடும் உங்கள் கோடும் பொருந்தாத இடத்துக்கு நேரில் போங்கள்.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய தாள்களைப் பயன்படுத்துகிறவர்கள் ஆள்கூற்று முறையைக் கவனிக்கவேண்டும். பழைய கந்தவளை வலையமைப்பில் (மென்பொருளில் அதன் குறியெண் இபிஎஸ்ஜி 5234) பொய்த் தொடக்கம், அதாவது ஆள்கூறுகளோடு கூட்டப்படும் மீற்றர் எண், 200,000, 200,000. பிந்திய எஸ்எல்டி99 வலையமைப்பில் (இபிஎஸ்ஜி 5235) அது 500,000, 500,000. இவற்றை மாற்றிப் போட்டால் குளம் இரண்டு அச்சிலும் முந்நூறு கிலோமீற்றர் தள்ளிப் போகும், அது உடனே கண்ணில் படும். ஆபத்தானது சிறிய பிழைதான். கந்தவளையிலிருந்து ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றும் கட்டளையை விட்டுவிட்டால் எல்லாம் நூறு மீற்றருக்கு மேல் நகர்ந்து கிடக்கும், ஆனால் பார்வைக்குச் சரிபோலவே இருக்கும். எல்லாவற்றையும் யூடிஎம் 44 வடக்குக்கு (இபிஎஸ்ஜி 32644) மாற்றி, சந்தியொன்றையோ துருசொன்றையோ வைத்துச் சரிபாருங்கள்.

பிக்சல் அளவும் படத்தின் மாதமும்

லாண்ட்சாட் பிக்சல் 30 மீற்றர், சென்டினல்-2இன் நுண்ணிய பட்டைகள் 10 மீற்றர். 2 ஹெக்டேயர் மோட்டை சென்டினலில் 200 பிக்சல், லாண்ட்சாட்டில் 22 மட்டுமே. கனகராயன் ஆற்றோரம் மருது நிற்கும் ஒடுங்கிய மரவரிசை லாண்ட்சாட்டில் ஒரு பிக்சல் அகலம்தான் வரும். பக்கத்து வயலோடு கலந்த பிக்சல்கள் வயலாகிவிடும், வரிசை அங்கங்கே அறும். பிறகு அதே படத்தில் இணைப்பைக் கணித்து "ஆற்றோரக் காடு துண்டுபட்டுள்ளது" என்று எழுதினால், நீங்கள் அளந்தது பிக்சலின் அகலத்தை. உங்கள் கேள்விக்கு வேண்டிய மிக ஒடுங்கிய பொருள் எது என்று பாருங்கள். அதன் குறுக்கே மூன்று பிக்சலாவது விழாத படத்தை எடுக்காதீர்கள்.

மாதத் தெரிவு இன்னும் முக்கியம். வன்னி வயல் வருடத்தில் நான்கு முகம் காட்டும். புழுதி விதைப்பின்போது வெறும் மண், கார்த்திகையில் நீர், மார்கழி தையில் அடர்பச்சை, மாசி பங்குனியில் வைக்கோல் நிறம். ஒரேயொரு படத்தை எடுத்தால் இவற்றில் எது அகப்படும் என்பது அதிர்ஷ்டம். குளமும் அப்படித்தான். தை மாதம் நீராக இருந்த அலைகரை ஆவணியில் புல்வெளியாகி மாட்டுப்பட்டி மேயும். தாமரையும் சல்வினியாவும் மூடிய குளம் எந்த மாதத்திலும் பயிர்போலத் தெரியும். ஆகவே குறைந்தது இரண்டு பருவப் படங்களை ஒன்றாக அடுக்குங்கள்: பெப்ரவரி அல்லது மார்ச்சில் ஒன்று, ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் ஒன்று. வறட்சியிலும் பச்சையாகவே நிற்கும் பாலை, வீரைக் காட்டையும் இலையுதிர்க்கும் தேக்கந்தோட்டத்தையும் பிரிக்க இரண்டாவது படம்தான் உதவும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை முகில் விடாது. அந்தக் காலத்து நீர்ப்பரப்பு வேண்டுமானால் முகிலை ஊடுருவும் சென்டினல்-1 ராடார் தரவுக்குப் போங்கள்.

காலத்தொடர் எடுப்பவர்களுக்கு இரண்டு பொறிகள் உண்டு. 2003 மே 31இல் லாண்ட்சாட் 7இன் கோட்டுத் திருத்தி பழுதானதிலிருந்து அதன் ஒவ்வொரு காட்சியிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கோடுகோடாக இல்லை. லாண்ட்சாட் 5 படம் எடுப்பது 2011 நவம்பரில் நின்றது, லாண்ட்சாட் 8 ஏவப்பட்டது 2013 பெப்ரவரியில். மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த 2012ஆம் ஆண்டுக்கு லாண்ட்சாட்டில் கோடு விழுந்த படங்கள் மட்டுமே உண்டு. பல திகதிகளை ஒட்டி நிரப்பலாம், ஆனால் ஒட்டிய படத்தில் வயலின் நான்கு முகமும் கலந்திருக்கும். சென்டினல்-2இல் 2022 ஜனவரி 25 முதல் செயலாக்க முறை மாறியது, பிக்சல் எண்களோடு 1000 கூட்டப்படுகிறது. பழையதையும் புதியதையும் அப்படியே கலந்தால் தாவரப் பச்சையைக் காட்டும் என்டிவிஐ சுட்டெண் ஒரே நாளில் விழுந்த மாதிரித் தெரியும். கூகுள் எர்த் எஞ்சினில் ஒத்திசைவாக்கிய தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

"காடு" என்று எதற்குப் பெயர் வைக்கிறீர்கள்?

வகைப்பட்டியலைச் சும்மா எடுத்து ஒட்டாதீர்கள். உலக உணவு விவசாய நிறுவனத்தின் வரையறைப்படி அரை ஹெக்டேயருக்குக் குறையாத பரப்பு, 5 மீற்றர் மரம், 10 வீத மறைப்பு இருந்தால் காடு. போர்க்காலத்தில் விட்டுப்போன வயலிலும் மேட்டுக்காணியிலும் முளைத்த பற்றை பல இடங்களில் இந்த அளவைத் தாண்டிவிட்டது. செய்மதி அதைக் காடு என்றே காட்டும். சூழலியல் நோக்கில் அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அதற்குள் வரம்பு இருக்கும், கட்டுக்கிணறு இருக்கும், உறுதிக் காணிக்காரரும் இருப்பார். காணி யாருடையது, வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே என்ற வழக்கு வன்னியில் இன்னும் தீராதது. பல்கலைக்கழக முத்திரையோடு "அடர்ந்த காடு" என்று பச்சை பூசிய வரைபடம் ஆய்வேட்டுக்குள்ளேயே கிடக்கும் என்று நம்ப இடமில்லை. ஆகவே குறைந்தது மூன்று வகை வையுங்கள்: முதிர்ந்த காடு, மீளவளர்ந்த காடு, பற்றை. முதல் இரண்டையும் பிரிக்க இன்றைய நிறம் போதாது. 1980களின் பிற்பகுதி லாண்ட்சாட் படங்களில் அதே இடம் வயலாக இருந்ததா என்று பார்க்கவேண்டும். அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கும், 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்ட கொரோனா உளவுச் செய்மதிப் படங்கள் அதற்கும் முன்னைய நிலையைக் காட்டும்.

மிச்சத்தை ஊரில்தான் கேட்கவேண்டும். "இங்கு காடழிப்பு எவ்வாறுள்ளது?" என்று வினாக்கொத்து நீட்டினால் அதிகாரிக்குச் சொல்லும் பதில்தான் வரும். "அம்மா, இந்த மோட்டைக்குக் கீழை கடைசியா எந்தப் போகம் விதைச்சனீங்கள்?" என்று கேட்டால் வருடமும் வரும், ஏன் விட்டார்கள் என்பதும் வரும், யானை எந்தப் பக்கத்தால் இறங்குகிறது என்பதும் சேர்ந்து வரும். பட்டிக்காரரைத் தவறவிடாதீர்கள். மேய்ச்சல் தரவை எங்கே குறுகியது, எங்கே புதிதாக வேலி விழுந்தது என்பதெல்லாம் அவர்கள் நாளாந்தம் பார்ப்பது.

சரிபார்ப்பு

ஒரே பல்கோணத்துக்குள் எடுத்த புள்ளிகளைப் பயிற்சிக்கு 70, சோதனைக்கு 30 என்று பிரித்தால் 97 வீதத் துல்லியம் வரும். அடுத்தடுத்த பிக்சல்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் வரும் எண் அது. சோதனைப் புள்ளிகளை, வகைவாரியாகப் பிரித்த எழுமாற்று முறையில், வரைபடம் முடிந்த பிறகு தனியாக எடுங்கள். வகைக்கு 50 என்பது கீழெல்லை. பரீட்சகர் கேட்டால் தவிர கப்பா என்ற உடன்பாட்டு எண்ணைப் பெரிதாக எழுதவேண்டியதில்லை. ஒவ்வொரு வகைக்கும் பயனர் துல்லியம் (வரைபடம் அந்த வகை என்றதில் உண்மையில் அதுவாக இருந்த பங்கு), தயாரிப்பாளர் துல்லியம் (உண்மையில் அந்த வகையாக இருந்ததில் வரைபடம் பிடித்த பங்கு) இரண்டையும் கொடுங்கள்.

பரப்பளவை வரைபடத்திலிருந்து நேரே எண்ணி எழுதுவது மிகப் பரவலான பிழை. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். வரைபடத்தில் காடு 60,000 ஹெக்டேயர், மற்றவை 40,000. காட்டில் போட்ட 100 புள்ளியில் 90 சரி. மற்றதில் போட்ட 100 புள்ளியில் 5 உண்மையில் காடு. அப்போது காட்டின் மதிப்பீடு 60,000 × 0.90 + 40,000 × 0.05 = 56,000 ஹெக்டேயர். இதற்கும் மேலே நம்பிக்கை இடைவெளி போடவேண்டும். பத்து வருட மாற்றம் 3,000 ஹெக்டேயர் என்று எழுதப்போகிற ஆய்வேட்டில் இந்த 4,000ஐ விட்டுவிட முடியாது.

சுட்டெண்கள்

ஃபிராக்ஸ்டாட்ஸ் மென்பொருளோ ஆர் மொழியின் லாண்ட்ஸ்கேப்மெட்ரிக்ஸ் பொதியோ ஒரு சொடுக்கில் நூற்றுக்கு மேற்பட்ட எண்களைத் தரும். எல்லாவற்றையும் அட்டவணையாக்குவது ஆய்வில்லை. பெரும்பாலானவை ஒன்றோடொன்று ஒட்டியவை, காட்டின் வீதம் மாறினால் கூடவே மாறுபவை. மூன்று நான்கு போதும்: வகையின் வீதம், திட்டு அடர்த்தி, ஓர அடர்த்தி, அண்மைத் திட்டுக்கான தூரம். ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தீர்கள் என்பதை உயிரினத்தைக் கொண்டு சொல்லத் தெரியவேண்டும்.

உள்பரப்பை (ஓரத்தின் தாக்கம் எட்டாத திட்டின் நடுப்பகுதியை) கணிக்கும்போது ஓர ஆழத்தை (அந்தத் தாக்கம் உள்ளே எட்டும் தூரத்தை) மென்பொருள் தந்த இயல்பு எண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். 10 ஹெக்டேயர் சதுரத் திட்டை எடுங்கள், பக்கம் 316 மீற்றர். ஓர ஆழம் 50 மீற்றர் என்றால் உள்பரப்பு 4.7 ஹெக்டேயர். 100 மீற்றர் என்றால் 1.35 மட்டும். காடு மாறவில்லை, உங்கள் எண் மாறியது. அதேபோல் மூலையில் மட்டும் தொடும் பிக்சலைச் சேர்க்காத நாற்புற அயலா, சேர்க்கும் எண்புற அயலா என்ற தெரிவு, வளைந்தோடும் ஆற்றோரக் காட்டை ஒரே திட்டாகவோ பத்துத் துண்டாகவோ காட்டும். இரண்டிலும் ஓட்டிப் பார்த்து, எதை ஏன் எடுத்தீர்கள் என்று முறையியலில் எழுதுங்கள்.

யானை வழிகளுக்கு எதிர்ப்புத்தளம் (ஒவ்வொரு நிலவகையும் நகர்வை எவ்வளவு தடுக்கிறது என்று எண் போட்ட படம்) வரைந்து சர்க்கிட்ஸ்கேப் மென்பொருளில் ஓட்டுகிறவர்கள், வயலுக்கு 40, வீதிக்கு 80 என்று தாங்களே போட்ட எண்ணைத் தாங்களே கண்டுபிடித்த முடிவாக எழுதிவிடும் ஆபத்து உண்டு. எண்களைப் பாதியாகவும் இரட்டிப்பாகவும் மாற்றி மீண்டும் ஓட்டுங்கள். எல்லாவற்றிலும் தங்கும் வழியை மட்டும் நம்புங்கள். மின்வேலியைப் படத்தில் காண முடியாது, நடந்து ஜிபிஎஸ்ஸில் எடுக்கவேண்டும். மாரிக்குப் பிறகு அது வேலை செய்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள்.

களம்

மிதிவெடி பற்றி முதலில். எழுமாற்றுப் புள்ளியைக் கணினி எங்கே போட்டாலும் கால் அங்கே போகக்கூடாது. கிளிநொச்சியின் வடக்கெல்லையில் முகமாலை போன்ற இடங்கள் நாட்டின் மிகப் பெரிய வெடிவயல்களில் சேர்ந்தவை. மாவட்டச் செயலகத்தில் அகற்றல் நிலவரத்தைக் கேட்டு, அகற்றாத பரப்பையும் சந்தேகப் பரப்பையும் புள்ளி போடுவதற்கு முன்பே படத்திலிருந்து வெட்டிவிடுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை விழுந்தோ பற்றை மூடியோ இருக்கலாம், ஆகவே கிராம அலுவலரையும் விறகெடுக்கப் போகிறவர்களையும் கேளுங்கள். பழகிய தடத்தை விட்டு இறங்கவேண்டாம். இதனால் மாதிரி ஒருபக்கம் சாயும், அந்தச் சாய்வை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதவேண்டும்.

அனுமதிகள் மாதக்கணக்கில் இழுபடும். முன்மொழிவு ஏற்கப்பட்ட வாரமே விண்ணப்பியுங்கள். மடு வீதி, சுண்டிக்குளம் போன்ற தேசிய பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் வனஜீவராசிகள் திணைக்களம், ஒதுக்குக் காடுகளுக்கு வனவளத் திணைக்களம். வயற்பரப்பு 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட சிறு குளமென்றால் கமநல சேவை நிலையம், பெரிதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையும் பாதுகாப்பு அமைச்சும். கடிதங்களின் பிரதியை மோட்டார் சைக்கிளிலேயே வைத்திருங்கள்.

பறவை கணக்கெடுப்பு விடிந்து மூன்று மணித்தியாலத்துக்குள். புள்ளிக்கு 10 நிமிடம், ஆரம் 50 மீற்றர், புள்ளிகளுக்கிடையில் 250 மீற்றர். மரங்களுக்கு 20 × 20 மீற்றர் சதுரம். 1.3 மீற்றர் உயரத்தில் விட்டம் 10 சென்ரிமீற்றருக்குக் குறையாதவற்றை அளக்கலாம். காட்டுக்குள் கையடக்க ஜிபிஎஸ் 10 மீற்றர் வரை விலகும். எனவே சரிபார்ப்புப் புள்ளியைச் சுற்றி 30 மீற்றருக்கு ஒரே நிலவகை இருக்கவேண்டும். ஆவணி புரட்டாதியில் சிறு குளங்கள் வற்ற, நீர்ப்பறவைகள் இரணைமடுவுக்கும் கட்டுக்கரைக்கும் ஒதுங்கும். ஒக்டோபருக்குப் பிறகு வலசைப் பறவைகள் வந்து சேரும். இரண்டு காலத்து எண்ணிக்கையையும் ஒரே கூட்டாக்கினால் நிலத்தோற்றத்தின் விளைவு பருவத்துக்குள் மறைந்துவிடும்.

பாலைப்பழ காலத்தில், மே முதல் ஜூலை வரை, கரடி அந்த மரங்களடியில்தான் நிற்கும். சத்தம் காட்டிக்கொண்டு நடவுங்கள், தனியே போகவேண்டாம். பின்னேரம் நாலு மணிக்கு மேல் காட்டோர வேலையை நிறுத்துங்கள். சேற்று வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேட்கவேண்டும்.

பகுப்பாய்வில் வரும் முட்டுக்கட்டை

குளத்தைச் சுற்றி 250, 500, 1000, 2000 மீற்றர் ஆரங்களில் காட்டை அளந்து எந்த அளவுநிலையில் உறவு வலுக்கிறது என்று பார்ப்பது வழக்கம். நான்கையும் அறிக்கையிடுங்கள், பொருந்தியதை மட்டும் காட்டுவது தேர்ந்தெடுத்த பொய். மிகப் பெரிய ஆரத்தில்தான் உறவு உச்சம் என்றால் இன்னும் விரித்திருக்கவேண்டும் என்று பொருள். ஒரே தொடரின் குளங்கள் ஒன்றுக்கொன்று கிட்ட இருப்பதால் 2000 மீற்றர் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். 30 குளம் என்று எழுதினாலும் சுயாதீனமான தரவு பத்துக்கும் வராது. எனவே ஒரு தொடரில் 15 குளம் எடுப்பதைவிட எட்டுப் பத்துத் தொடர்களில் மூன்று நான்கு குளம் எடுங்கள். தொடரை எழுமாற்று விளைவாகப் புள்ளிவிபர மாதிரியுருவில் சேர்த்து, மீதங்களில் (மாதிரியுரு விளக்காமல் விட்டதில்) மொரானின் ஐ எண்ணை, அதாவது கிட்ட உள்ளவை ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவை, பாருங்கள். அது இன்னும் பூச்சியத்துக்கு மேலே குறிப்பாக நின்றால் மண்வகையோ ஆற்றுக்கான தூரமோ விடுபட்டிருக்கும்.

முடிந்ததும் தரவைக் கட்டளைக் கோப்புகளோடு சேர்த்துப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இடுங்கள். வேட்டைக்காரருக்கும் முதிரை, கருங்காலி அறுப்பவருக்கும் உதவக்கூடிய ஆள்கூறுகளை ஒரு கிலோமீற்றர் கட்டத்துக்கு மங்கலாக்கிவிட்டே வெளியிடுங்கள். குளத்தொடர் வரைபடத்தைப் பெரிய தாளில் தமிழ்ப் பெயர்களோடு அச்சிட்டு ஒவ்வொரு கமக்காரர் அமைப்புக்கும் கொடுங்கள். போகக் கூட்டத்துக்கு முன்பே கொடுத்தால், எந்த மோட்டையின் பெயரைப் பிழையாக எழுதினீர்கள் என்பதைக் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார்கள். இறுதிப் பிரதியில் திருத்த அப்போதும் நேரம் இருக்கும்.